காசிக் கோபுரமும் ஓர் இருபது இலக்க எண்ணும்

காசியில் பெரிய கோயிலின் விமானத்துக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு. அதில் நட்டு வைத்த மூன்று வைர ஊசிகள். படைப்புக் காலத்தில் பிரம்மா அவற்றில் ஒன்றின் மேல் 64 தங்கத் தட்டுகளைச் செருகி வைத்தார். அடியில் மிகப் பெரியது, மேலே போகப் போகச் சிறியது. அர்ச்சகர்கள் முறை வைத்து இரவும் பகலும் அந்தத் தட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் எடுக்கலாம். சிறிய தட்டின் மேல் பெரிய தட்டை வைக்கக் கூடாது. 64 தட்டுகளும் வேறோர் ஊசிக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்குக் கோயிலும் உலகமும் பொடிப்பொடியாகிவிடும்.

இந்தக் கதையை நம் பிள்ளைகள் பெரும்பாலும் பொறியியல் கல்லூரியில், கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதப் பழகும் முதல் வருஷத்தில் கேட்டுவிட்டு வந்து நம்மிடம் சொல்கிறார்கள். கேட்கிற நமக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கரோல் பாகிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் காசிக்குப் போய், நகரத்தார் சத்திரத்தில் தங்கி, விசுவநாதரையும் விசாலாட்சியையும் தரிசித்து வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். யாராவது அந்த வைர ஊசியைப் பார்த்தார்களா? பார்த்திருக்க முடியாது. அந்தக் கோபுரம் காசியில் கட்டப்பட்டதே இல்லை. அது பிறந்த இடம் பிரான்ஸ்.

1883-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூகாஸ் ஒரு மர விளையாட்டுப் பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மூன்று கம்பு, எட்டுத் தட்டு. 'ஹனாய் கோபுரம்' என்று பெயர். கண்டுபிடித்தவர் சயாம் தேசத்துப் பேராசிரியர் 'கிளாஸ்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். பிரெஞ்சு எழுத்துக்களை மாற்றிப் போட்டால் கிளாஸ் என்பது லூகாஸ் ஆகிவிடும். அந்தப் பேராசிரியர் வேலை பார்த்ததாகச் சொன்ன கீழைத்தேசத்துக் கல்லூரியின் பெயரை மாற்றிப் போட்டால் லூகாஸ் பாடம் நடத்திய பாரிஸ் பள்ளியின் பெயர் வரும். மனிதர் வேடிக்கைப் பிரியர். அடுத்த ஆண்டு, 1884-இல், ஹென்றி தெ பார்வில் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் காசிக் கதையைப் பத்திரிகையில் விரித்து எழுதினார். அதை 1892-இல் ரவுஸ் பால் என்ற ஆங்கிலேயர் தம் கணித விளையாட்டுப் புத்தகத்தில் சேர்த்தார். அந்தப் புத்தகம் உலகமெங்கும் போயிற்று. கதை ஒரு சுற்றுச் சுற்றி இந்தியாவுக்கே, நம்முடைய பழம்பெருமையாக, திரும்பி வந்து சேர்ந்தது.

கதை போனால் போகட்டும். அதற்குள் இருக்கும் எண் மெய்யானது. ஒரு தட்டை மாற்ற ஒரு நகர்த்தல் போதும். இரண்டு தட்டுக்கு 3. மூன்றுக்கு 7. நான்குக்கு 15. கூடுதலாக ஒரு தட்டு வந்தால், மேலே உள்ளதை முழுக்க ஒரு தடவை நகர்த்தி, அடித்தட்டை மாற்றி, மறுபடியும் மேலே உள்ளதை முழுக்க நகர்த்த வேண்டும். அதாவது முன்பு ஆனதைப் போல் இரு மடங்கும் ஒன்றும். லூகாஸ் விற்ற எட்டுத் தட்டுப் பொம்மைக்கு 255. பொறுமையுள்ள குழந்தை ஐந்தாறு நிமிஷத்தில் முடித்துவிடும். 64 தட்டுக்கு எத்தனை? 64 முறை இரண்டைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது:

1,84,46,74,40,73,70,95,51,615.

நம் வழக்கப்படி வாய்விட்டுப் படித்தால், ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி. அதன் பிறகு நாற்பத்து நாலு லட்சத்து ஏழாயிரத்து முன்னூற்று எழுபது கோடி. அதன் பிறகு தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. வினாடிக்கு ஒரு தட்டு என்று தூங்காமல் மாற்றினாலும் சுமார் 58,450 கோடி ஆண்டு ஆகும். இந்தப் பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1,380 கோடி ஆண்டு என்கிறார்கள்.

கதை கட்டியவர்கள் நம் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு இங்கேயே ஒரு தடயம் இருக்கிறது. புராணக் கணக்கில் பிரம்மாவின் ஒரு பகல் ஒரு கல்பம். அது 432 கோடி ஆண்டு. அந்தப் பகல் முடிந்ததும் பிரளயம். 58,450 கோடி ஆண்டு என்றால் 135 கல்பத்துக்கும் மேல். தட்டுகளை மாற்றி முடிப்பதற்குள் அர்ச்சகர்களும் கோயிலும் நூறு தடவைக்கு மேல் பிரளயத்தில் போய்விடுவார்கள்! புராணம் தெரிந்த ஒருவர் கட்டிய கதையாக இருந்தால் இந்த இடத்தில் இடித்திருக்கும்.

இதே எண்ணுக்கு இன்னொரு பழைய வீடு உண்டு. அது நமக்கு நன்றாகத் தெரிந்த வீடு. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்கள். முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று வெகுமதி கேட்ட அறிஞனின் கதை. மொத்தத் தானியம் அதே இருபது இலக்க எண்தான். கட்டங்களில் உள்ளதை வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 1, 3, 7, 15 என்று தட்டுக் கணக்கே வருவதைக் காணலாம்.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அங்கிருந்து அரபு நாடுகளுக்குப் போனது என்பதில் ஐயமில்லை. 'ஷத்ரஞ்ச்' என்ற பெயரே சதுரங்கத்தின் மருவு. ஆனால் தானியக் கதை நமக்கு முதலில் எழுத்தில் கிடைப்பது அரபு நூல்களில். ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யாகூபி இதைச் சொல்கிறார். கி.பி. 1000-ஐ ஒட்டி அல்பிரூனி, இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, காலக் கணக்குகளைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கூட்டுத்தொகையைக் கடைசி இலக்கம் வரை சரியாகக் கொடுத்திருக்கிறார். இன்று கால்குலேட்டர்களில் பலவற்றில் இந்த எண் முழுதாகக் கொள்ளாது.

எனக்குப் பிடித்தது பதின்மூன்றாம் நூற்றாண்டு இப்னு கல்லிகான் சொல்லும் செய்தி. டமாஸ்கஸில் நீதிபதியாக இருந்தவர். ஒரு சதுரங்க வல்லுநரின் வாழ்க்கையை எழுத வந்த இடத்தில் இந்தக் கதையையும் எழுதுகிறார். உலகத்துத் தானியமெல்லாம் போதாது என்பதை அவர் முதலில் நம்பவில்லையாம். அலெக்சாந்திரியாவில் ஒரு கணக்குப்பிள்ளை அவருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். 16-ஆம் கட்டத்தில் 32,768 மணி; அது ஒரு படியளவு, நானே அளந்து பார்த்தேன் என்றார் அந்தக் கணக்குப்பிள்ளை. (அவர் சொன்னது எகிப்துப் படி, நம்மூர்ப் படி வேறு.) 40-ஆம் கட்டத்துக்கு வந்தால் ஒரு பெரிய களஞ்சியம் நிறையும். 50-ஆம் கட்டத்தில் 1,024 களஞ்சியம். அதை ஒரு நகரம் என்று வையுங்கள். 64-ஆம் கட்டத்தில் 16,384 நகரங்கள். உலகத்தில் அத்தனை நகரம் ஏது? நீதிபதி ஒப்புக்கொண்டார். பெரிய எண்ணை மனசுக்குள் இறக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. படி, களஞ்சியம், நகரம் என்று ஏணி போட்டு ஏற்றிவிட்டார் பாருங்கள்.

நாமும் நம் அளவையில் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராமுக்கு 50 அரிசி என்று வைத்துக்கொண்டால் பலகையின் முதல் பாதி, அதாவது 32 கட்டங்கள், 429 கோடிச் சொச்சம் மணி. சுமார் 86 டன். பத்து டன் லாரி ஒன்பது. அரிசி மண்டிக்காரர் ஒருவரே அனுப்பிவிடலாம். ராஜா தாராளமாகச் சரி என்று சொன்னதில் தப்பில்லை. இரண்டாம் பாதியையும் சேர்த்தால் சுமார் 36,900 கோடி டன். இப்போது உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி சுமார் 53 கோடி டன். அப்படியானால் ஏறக்குறைய 700 ஆண்டு விளைச்சல். தட்டுக் கணக்கிலும் இதே கூத்துதான். லூகாஸ் பொம்மை விற்ற 1883-இல் யாராவது 32 தட்டோடு உட்கார்ந்து வினாடிக்கு ஒன்று என்று மாற்றத் தொடங்கியிருந்தால், 136 ஆண்டு கழித்து 2019-இல் எழுந்து போயிருப்பார். அதற்கு இரட்டிப்பான 64 தட்டுக்கோ பிரபஞ்சமே போதவில்லை.

கேரளத்தில் அம்பலப்புழைக் கோயிலுக்குப் போனவர்கள் இதே கதையை அங்கே கேட்டிருப்பீர்கள். முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணன் அரசனோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து நெல்மணி கேட்டான். அரசனால் கொடுக்க முடியாத கடனுக்குத்தான் நாள்தோறும் பால் பாயசம் என்பார்கள். நம் திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரிலும் சுவாமிக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே பெயர். ஆனால் அங்கே ஆட்டத்தின் முடிவில் கிடைப்பது ராஜகுமாரியின் கை, நெல்மணி கிடையாது. அம்பலப்புழைக் கதைக்கு வயது என்ன என்பது தனி ஆராய்ச்சி. பாயசத்தின் ருசிக்கு அது தடையில்லை.

காசிக் கோபுரம் பிரெஞ்சுக்காரர் கட்டியது, தானியக் கதைக்கு முதல் எழுத்துச் சான்று அரபியில் என்றால், இந்த எண்ணில் நமக்கு என்னதான் பங்கு என்று சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். கதையில் நம் பங்கு குறைவுதான். கணக்கில் அப்படியில்லை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். காசியில் தங்கத் தட்டு இருக்கிறது என்று நாம் சொல்லி, அது பொய் என்று பிள்ளை தானே தெரிந்துகொண்டால், பிறகு பிங்கலரைப் பற்றிச் சொல்லும்போதும் சிரித்துவிட்டுப் போய்விடும். பிங்கலரைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

கி.மு. காலத்தவர் என்று பொதுவாகக் கருதப்படும் பிங்கலர் எழுதியது கணித நூலே அல்ல, சந்த இலக்கணம். ஒரு செய்யுளடியின் ஒவ்வோர் அசையும் குறுகியதாக இருக்கலாம் அல்லது நீண்டதாக இருக்கலாம். அப்படியானால் இத்தனை அசை கொண்ட அடிக்கு எத்தனை வடிவம் என்று கேட்கிறார். ஓர் அசைக்கு 2, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 8. நம் சதுரங்கக் கட்டங்கள்தான். அவர் ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டு போகவில்லை. அசை எண்ணிக்கையைப் பாதியாக்கு. ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றைக் கழி. ஒன்றுமில்லாமல் போகும் வரை இப்படிச் செய். பிறகு வந்த வழியே திரும்பு. ஒன்றைக் கழித்த இடத்தில் இரட்டி, பாதியாக்கிய இடத்தில் அந்த எண்ணை அதனாலேயே பெருக்கு. சூத்திரம் மிகச் சுருக்கம். பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் எழுதிய உரை விளக்குகிறது.

64-க்குப் போட்டுப் பாருங்கள். 64, 32, 16, 8, 4, 2, 1, பூஜ்யம். திரும்பி வரும்போது ஒன்றை இரட்டித்தால் 2. பிறகு ஆறே பெருக்கல்: 4, 16, 256, 65,536, 429,49,67,296, அடுத்தது 1,84,46,74,40,73,70,95,51,616. அறுபத்து நாலு தடவை இரட்டிக்க வேண்டியது ஏழு படியில் முடிந்துவிட்டது. நம் வங்கிப் பரிவர்த்தனைகளை ரகசியமாக வைக்கும் கம்ப்யூட்டர் நிரல்கள் பெரிய அடுக்குகளை இன்றும் பாதியாக்கிப் பெருக்கும் இதே உத்தியில்தான் கணக்கிடுகின்றன. கூட்டுத்தொகைக்கும் பிங்கலர் வழி சொல்கிறார். ஓரசையிலிருந்து தொடங்கி எல்லா அளவு அடிகளின் வடிவங்களையும் கூட்ட வேண்டுமா? கடைசி எண்ணை இரட்டித்து இரண்டைக் கழி என்கிறார். சதுரங்கப் பலகை இரண்டில் தொடங்காமல் ஒன்றில் தொடங்குவதால் அங்கே ஒன்றைக் கழித்தால் போதும்.

தமிழ் யாப்பு படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். நம் அசை நேர், நிரை என்று இரண்டு. ஓரசைச் சீர் 2: நாள், மலர். ஈரசைச் சீர் 4: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூவசைச் சீர் காயும் கனியுமாக 8. தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்று முடியும் நாலசைச் சீர் 16. ஆகச் சீர் முப்பது என்று அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை படித்த எவரும் ஒப்பிப்பார்கள். பிங்கலர் விதியை வைத்துப் பாருங்கள்: கடைசி 16, இரட்டித்தால் 32, இரண்டைக் கழித்தால் 30. காரிகை பிங்கலரிடமிருந்து எடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை; அங்கே சீர்கள் வாய்பாடாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன, பொது விதி கிடையாது. இரண்டு மொழியிலும் செய்யுள் இலக்கணம் எழுதியவர்கள் ஒரே கணக்கின் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். தேமா புளிமாவை மனப்பாடம் செய்த பிள்ளை சதுரங்கப் பலகையின் முதல் ஐந்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி இந்த எண்ணைப் பிளந்து பார்ப்போம். இதன் உள்ளே இருப்பதுதான் ஐரோப்பியக் கணிதத்தை இரு நூற்றாண்டு அலைக்கழித்தது. முதல் பாதிப் பலகையின் தொகை 429,49,67,295. முழுப் பலகையின் தொகை அதைப் போல் 429,49,67,297 மடங்கு. முதல் பாதியை அதே போல மறுபடி பாதியாக்கலாம்: 65,535 × 65,537. மறுபடியும்: 255 × 257. பிறகு 15 × 17. பிறகு 3 × 5. ஆக நம் இருபது இலக்க எண் 3, 5, 17, 257, 65,537, 429,49,67,297 ஆகியவற்றின் பெருக்கல்.

பிரான்ஸில் வழக்கறிஞராக இருந்த ஃபெர்மா 1640-இல் இந்த வரிசையைக் கவனித்தார். 3, 5, 17, 257, 65,537 ஐந்தும் பகா எண்கள். எனவே இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று நம்பினார். ஆறாவதை அவர் சரிபார்க்கவில்லை. 1732-இல் ஆய்லர் சொன்னார்: 429,49,67,297 என்பது 641 × 67,00,417. இருட்டில் தேடிக் கிடைத்ததென்று நினைக்க வேண்டாம். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்கும் என்று பின்னர் நிறுவிக் காட்டினார். மறுபடியும் 64! அந்த வகையில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது அடியில் பூட்டு திறக்கிறது. ஃபெர்மாவுக்கு ஒரு மாலைப் பொழுது வேலை. எப்படித் தவறவிட்டார் என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

ஃபெர்மா எண்கள் தோற்றுப்போன கதையாக இது முடிந்திருக்கும். 1796-இல் பத்தொன்பது வயது நிறையாத காவுஸ் அவற்றுக்கு எதிர்பாராத வேலை ஒன்றைக் கண்டுபிடித்தார். காம்பஸும் அளவுகோலும் மட்டும் கொண்டு 17 சம பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்றார். யூக்ளிட் காலத்திலிருந்து யாருக்கும் தோன்றாதது. 1801-இல் பொது விதி வந்தது: பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மாப் பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் வரையலாம். இல்லாவிட்டால் முடியவே முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்கத்துக்குப் பத்தாண்டு உழைத்து 1894-இல் வழிமுறை எழுதி முடித்தார். அந்தக் கையெழுத்துப் பெட்டி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது.

தெரிந்த ஃபெர்மாப் பகா எண்கள் ஐந்தையும் பெருக்கினால் என்ன வருகிறது? 429,49,67,295. பாதிப் பலகையின் நெல், ஒன்பது லாரி! ஒற்றைப்படைப் பக்கங்களில், காம்பஸால் வரைய முடியும் என்று இன்றுவரை நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பலகோணத்தின் பக்க எண்ணிக்கை அதுதான்.

கம்ப்யூட்டரையும் சொல்லிவிடலாம். 64 இருநிலைக் கண்ணறைகள் கொண்ட நினைவகச் சொல்லில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் நம் இருபது இலக்க எண்ணே. ஒவ்வொரு கண்ணறையும் சதுரங்கத்தின் ஒரு கட்டம். பழைய 32 கண்ணறை இயந்திரங்களில் பல, குறைக்குறிக்கு ஒன்று ஒதுக்கிவிட்டு, 31 கட்டத்தில் 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணுகின்றன. 31 கட்டத் தொகையான 214,74,83,647 தீரும் நேரம் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 வினாடி. அந்த எண் பகா எண் என்று 1772-இல் காட்டியவரும் ஆய்லர்தான். மென்பொருள் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அந்தக் காலை முன்கூட்டியே வேலை வைத்திருக்கும்.

ஃபெர்மா வரிசையில் 65,537-க்கு அப்புறம் பகா எண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வரிசையை 3-லிருந்து பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று எண்ணுவது வழக்கம். ஐந்து முதல் முப்பத்திரண்டு வரை உள்ளவை எல்லாம் பகு எண்கள் என்று நிறுவியாகிவிட்டது. முப்பத்து மூன்றாவதில் தேர் நின்றுவிட்டது. அந்த எண்ணுக்கு 258 கோடி இலக்கங்களுக்கு மேல். ஒரு பக்கத்துக்கு 3,000 இலக்கம் என்று அச்சிட்டால் எட்டு லட்சத்து அறுபதாயிரம் பக்கங்களுக்கு மேல் போகும். அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.